நகரம் எங்கே? கெக்கோவாவில் ஒரு கயாக் நாள்

"நகரம் எங்கே?" என்று பக்கத்துக் கயாக்கிலிருந்து (ஒடுங்கிய துடுப்புப் படகு) ஒரு பெண்மணி கேட்டார். அப்போது நாங்கள் அந்த நகரத்தின் மேலேதான் மிதந்துகொண்டிருந்தோம். வழிகாட்டி துடுப்பால் கரையைக் காட்டினார். பாறையில் வெட்டிய ஏழெட்டுப் படிகள் மேலிருந்து இறங்கி வந்து, தண்ணீருக்குள் போய், பச்சையாக மங்கி மறைந்தன. அவ்வளவுதான். பெண்மணியின் முகத்தில் ஏமாற்றம். அவர் பணம் கட்டிய விளம்பரத்தில் "மூழ்கிய நகரத்தின் மேல் துடுப்புப் போடுங்கள்" என்று இருந்தது. என்னையும் அந்த வரிதான் இழுத்து வந்திருந்தது.

இடம், துருக்கியின் தென்மேற்குக் கரையில் அன்டால்யா மாகாணத்தின் டெம்ரே வட்டம். கரையை ஒட்டி, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஆளில்லாத தீவு கெக்கோவா. கிரேக்கர்கள் டோலிகிஸ்டே என்றார்கள், 'நீளமானது' என்று பொருள். அதற்கும் கரைக்கும் நடுவே, காயல் போல ஒரு நீர்ப்பரப்பு. வடகரையில் இரண்டு கிராமங்கள்: கார் வரும் உச்சாஸ், கார் வராத கலேகோய். உச்சாஸ் என்றால் 'மூன்று வாய்'. கலேகோய் என்றால் 'கோட்டை ஊர்'. அங்கே போகப் படகு வேண்டும், இல்லையென்றால் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். அது பழைய சிமெனா. உச்சாஸை ஒட்டியே டெய்மியூசா என்ற இன்னொரு பழைய ஊரின் கல்லறைகள். எல்லாமே லிசியா என்ற பண்டைய நாட்டைச் சேர்ந்தவை.

செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் தம்பியும் அங்கே ஒரு நாள் பயணத்தில் சேர்ந்தோம். இரட்டைக் கயாக்குகள் ஐந்து, ஆட்கள் பத்துப் பேர், வழிகாட்டி ஒருவர். அன்று நன்றாக நடந்ததும் உண்டு, சொதப்பியதும் உண்டு. இரண்டையும் எழுதி வைக்கக் காரணம், பழைய இடிபாடுகளைக் கடல்வழியாகக் காட்டும் இந்தத் தொழில் எதில் நிற்கிறது, எதில் கவிழ்கிறது என்று அந்த ஒரே நாளில் தெரிந்துவிட்டது.

கயாக் ஏன்?

விளம்பரங்கள் சொல்லும் காரணம் அமைதி, இயற்கை, உடற்பயிற்சி. உண்மைக் காரணம் ஒரு தடை உத்தரவு. 1990 ஜனவரி 18 அன்று துருக்கி அரசு கெக்கோவா வட்டாரத்தைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. மொத்தம் 260 சதுர கி.மீ.; தீவும், இரண்டு கிராமங்களும், நான்கு பழைய ஊர்களும் அதற்குள் அடக்கம். நீந்தவும் முக்குளிக்கவும் முதலில் எங்குமே தடை. பிறகு தளர்த்தினார்கள். ஆனால் தீவின் வடகரையில் இடிபாடுகள் மூழ்கிக் கிடக்கும் பகுதிக்கு மட்டும் தடை அப்படியே இருக்கிறது. அங்கே நங்கூரம் போடக்கூடாது, இறங்கக்கூடாது, நீந்தக்கூடாது.

சரி, பார்க்க வருகிறவர் என்ன செய்வார்? அடியில் கண்ணாடி பதித்த மோட்டார் படகுகள் உச்சாஸிலிருந்து நாள் முழுக்கப் போகின்றன. மலிவு, நிழல் உண்டு, டீ கிடைக்கும். ஆனால் கரையை ஒட்டி ஆழம் குறைவு. கொஞ்சம் தள்ளியே ஓட்டவேண்டும். கண்ணாடிக்குக் கீழே தெரிவதில் பாதி மணலும் கடற்புல்லும்தான். கயாக்குக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். இறங்காமல், நங்கூரம் போடாமல், சுவருக்குக் கைநீட்டும் தூரத்தில் போய் நிற்க முடிகிற ஒரே கலம் அது. சட்டத்தையும் மீறாமல் இடத்தையும் நெருங்க, கிடைத்த இடுக்கு வழி.

கயாக் எந்தக் கெடுதலும் செய்யாது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அலை தள்ளும்போது புதியவர்கள் துடுப்பைச் சுவரில் ஊன்றித் தள்ளிவிடப் பார்ப்பார்கள். எங்களில் இருவர் செய்தார்கள், அதில் ஒருவன் என் தம்பி. வழிகாட்டி அன்று குரல் உயர்த்திய இரண்டு தடவைகளில் ஒன்று அதற்காக. இரண்டாவது தடவை எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

மூழ்கியது எது

அந்தப் பெண்மணியின் கேள்வி நியாயமானது. 'நகரம்' என்ற சொல்தான் பிழை. டோலிகிஸ்டே பெரிய ஊராக இருந்ததே இல்லை. பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த கடலோரக் குடியிருப்பு. வீடுகள் பாதி பாறையைக் குடைந்தவை, பாதி கல் அடுக்கிக் கட்டியவை. அடுக்கிய கல் போய்விட்டது, குடைந்தது நிற்கிறது. அதனால் பார்க்கக் கிடைப்பவை மூன்று பக்கம் சுவரும் நாலாவது பக்கம் கடலுமாக இருக்கும் அறைகள், உத்தரம் செருகிய சதுரக் குழிகள், மழைநீர்த் தொட்டிகள், படிகள். தீவில் ஊற்று இல்லை. கூரையில் விழுந்த மழையை வைத்துத்தான் பிழைத்தார்கள். இது தெரிந்த பிறகு ஒவ்வொரு தொட்டியும் ஒரு வீட்டுக்கணக்காகத் தெரிய ஆரம்பித்தது. தண்ணீருக்கடியில் சுவரின் அடிக்கற்கள் நேர்கோட்டில் ஓடுகின்றன. நடுவே உடைந்த மதுச்சாடிகளின் ஓடுகள். காலையில் காற்று எழுவதற்கு முன், சூரியன் ஓரளவு ஏறியபின், அதாவது பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் இடையில்தான் இவை தெளிவாகத் தெரியும். தண்ணீர் கலைந்துவிட்டால் வெறும் பச்சை.

எப்படி மூழ்கியது? சுற்றுலாப் படகுகளில் சொல்லும் கதை ஒரே வரி: கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் நிலநடுக்கம் வந்தது, நகரம் கடலுக்குள் போனது. நிலநடுக்கம் உண்மை. 141-ஆம் ஆண்டுவாக்கில் லிசியா முழுவதையும் ஆட்டிப்பார்த்த ஒன்று அது. ரோடியாபோலிஸ் ஊரின் பெரும் பணக்காரர் ஒப்ரமோவாஸ், சேதமான லிசிய நகரங்களுக்கு அள்ளிக்கொடுத்த கணக்கை அவருடைய கல்லறைக் கட்டடத்தின் சுவரிலேயே நீளமாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் கெக்கோவாவின் மக்கள் அத்தோடு போய்விடவில்லை. திரும்பக் கட்டினார்கள். பைசாந்தியக் காலத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் காலத்தில், நன்றாகவே இருந்தார்கள். அரபுக் கப்பல்களின் தாக்குதல் பெருகியபோதுதான் தீவு வெறிச்சோடியது. ஒரே ராத்திரியில் ஊர் கடலுக்குள் போயிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

நமக்கு 'கடல் கொண்டது' என்று சொல்லிப் பழக்கம். கபாடபுரம் என்றாலும் பூம்புகார் என்றாலும், நம் வாக்கியத்தில் எழுவாய் கடல்தான். அது எழுந்து வந்து ஊரைக் கொள்கிறது. கெக்கோவாவில் எழுவாயை மாற்ற வேண்டும். கடந்த 2000 ஆண்டுகளில் உலகக் கடல் மட்டம் ஒரு மீட்டர்கூட ஏறவில்லை. இறங்கியது தரை. ஆப்பிரிக்கப் புவித்தட்டு அனத்தோலியாவை (துருக்கியின் ஆசியப் பகுதி) நோக்கி நகர்ந்து அடியில் அழுந்தும் இந்த விளிம்பில், லிசியக் கரை நூற்றாண்டுக் கணக்காக மெல்ல இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இடையிடையே நிலநடுக்கங்கள் ஒரு தள்ளு தள்ளியிருக்கின்றன. வாசற்படி ஒவ்வொன்றாக நனைந்த ஊர் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

எங்கள் வழிகாட்டி இதைப் படியருகே நிற்கும்போது சொன்னார், அதுவும் அந்தக் கேள்வி வந்த பிறகு. உச்சாஸிலேயே, கயாக்கில் ஏறும் முன், "நகரத்தைத் தேடாதீர்கள், கரைக்கோடு எங்கே இருந்தது என்று தேடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேருக்கு ஏமாற்றமே வந்திருக்காது. இரண்டு நிமிட வேலை. இதைத் துடுப்புப் பாடத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

அன்றைய நேரக்கணக்கு

திட்டம் இப்படி. காஷ் நகரத்திலிருந்து மினிபஸ். ஒன்பதரைக்கு உச்சாஸில் தண்ணீரில் இறங்குவது. தெற்கே தீவின் வடமேற்கு முனையில் இருக்கும் டெர்சானே குடாவில் ஒரு நிறுத்தம். அங்கிருந்து கிழக்கே தீவின் கரையோரமாக இடிபாடுகள். பிறகு நீர்ப்பரப்பைக் கடந்து கலேகோய். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. ஒரு மணிக்குக் கிளம்பி இரண்டுக்குள் உச்சாஸ்.

இந்தத் திட்டத்தின் உயிர், அந்த 'ஒரு மணி'. கோடையிலும் செப்டம்பரிலும் இந்தக் கரையில் காலை கண்ணாடி போல இருக்கும். மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று எழும். நம் கடற்கரையில் கச்சான் என்று சொல்கிற அதே திசைக்காற்று. கலேகோயிலிருந்து உச்சாஸ் மேற்கே இருக்கிறது. ஆகவே தாமதமாகக் கிளம்பினால் களைத்த கையோடு எதிர்க்காற்றில் போகவேண்டும்.

நடந்தது வேறு. இரண்டாவது விடுதியில் ஒரு ஜோடி தயாராகவில்லை, அரை மணி போனது. டெர்சானேயில் இறங்கி நீந்தலாம், தடை இல்லை. பெயருக்கே கப்பல் கட்டும் துறை என்றுதான் பொருள்; கரையில் ஒரு பைசாந்தியத் தேவாலயத்தின் இடிபாடு உண்டு. அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்தபின் எங்கள் குழுவில் ஒருவர், கரையில் பொறுக்கிய பானை ஓடு ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பெருமையாகக் காட்டினார். வழிகாட்டி இரண்டாவது தடவையாகக் குரல் உயர்த்தியது அப்போதுதான். 1983-இன் 2863-ஆம் எண் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்; விமான நிலையத்தில் பையைத் துழாவும்போது சிக்கினால் கைது வரைக்கும் போகும். "கடலில் போட்டுவிடுகிறேன்" என்றார் அவர். "எடுத்த இடத்தில்" என்றார் வழிகாட்டி. எல்லோரும் திரும்பினோம். இருபது நிமிடம்.

சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. ஒரு ஓடு கிடந்த இடத்தை விட்டுப் போனால் வெறும் மண்துண்டு. மேலும், அன்று மதியம்வரை யாரும் எதையும் தொடவில்லை.

கலேகோய் சேர மணி பன்னிரண்டே முக்கால். இங்கே நேரம் கொட்டிப்போனது. நிறுவனம் ஏற்பாடு செய்திருந்த உணவகத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய படகுக் கூட்டம். மீன் வந்தபோது மணி இரண்டு ஆகப்போகிறது. அதற்கு மேல் கோட்டை ஏறாமல் வர யாருக்கும் மனம் வரவில்லை. ஏறிப் பார்த்ததில் எனக்கு வருத்தமில்லை. உள்ளே பாறையிலேயே வெட்டிய குட்டி அரங்கம். ஏழே வரிசை, முந்நூறு பேர் உட்காரலாம். லிசியாவிலேயே இவ்வளவு சின்ன அரங்கம் அபூர்வம். அங்கிருந்து கீழே பார்த்தால், ஆழமில்லாத தண்ணீரில் தனியாக நிற்கும் ஈமப்பேழை. மேல்மூடி கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி. உண்மையில் லிசியர்கள் மர வீட்டுக் கூரையைக் கல்லில் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்பார்கள் அறிஞர்கள். நனைந்த காலோடு நிற்கும் அதைப் பார்த்தால் யாருக்கும் கூரை ஞாபகம் வராது. கரையோரத்தில் கி.பி. 79 முதல் 81 வரை ஆண்ட ரோமப் பேரரசர் டைட்டஸுக்குக் காணிக்கையாக்கிய குளியல் கூடத்தின் மிச்சமும் இருக்கிறது.

கிளம்பும்போது மணி இரண்டே முக்கால். தண்ணீரில் வெள்ளைக் கீற்றுகள்.

கவிழ்ந்தது

இரட்டைக் கயாக்கில் சண்டை போடாத ஜோடி இல்லை. பின்னால் இருப்பவர் காலால் சுக்கானைத் திருப்புவார். முன்னால் இருப்பவர் தாளம் கொடுக்க வேண்டும். எதிர்க்காற்றில் ஒருவர் நிறுத்தினாலும் மூக்கு பக்கவாட்டில் திரும்பிவிடும். எங்களுக்குப் பின்னால் கடைசியாக வந்த இளம் ஜோடி களைத்துப்போய்த் துடுப்பை மடியில் வைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய சுற்றுலாப் படகு கடந்து போனது. அதன் அலை, காற்றலையின் மேல் ஏறி, விலாப்பக்கம் வந்து அடித்தது. இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். முடிந்தது.

மிதவை உடுப்பு போட்டிருந்தார்கள், தண்ணீர் வெதுவெதுப்பு, கரை இருநூறு மீட்டர்கூட இல்லை. ஆபத்து என்று சொல்லமுடியாது. ஆனால் வழிகாட்டி எங்கே? முன்னால். வழி காட்டுகிறவர் முன்னால்தானே போவார். விசில் கேட்டுத் திரும்பி அவர் வந்துசேர நாலைந்து நிமிடம் ஆனது. அதுவரை என் தம்பி கத்திய "கயாக்கை விடாதீங்க, பிடிச்சுக்கோங்க" என்ற தமிழ், அவர்களுக்கு எப்படியோ புரிந்திருக்கிறது; விடவில்லை.

மீட்பு அழகாக இருந்தது, இதைச் சொல்லவேண்டும். கவிழ்ந்த கயாக்கைத் தன் கயாக்குக்குக் குறுக்கே, டி எழுத்து மாதிரி கொண்டுவந்தார். மூக்கைத் தூக்கித் தன் மடிமேல் ஏற்றி, தண்ணீரை வடியவிட்டு, புரட்டி நிமிர்த்தினார். பக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக ஏற்றினார். மிச்சத் தண்ணீரைக் கைப்பம்பால் இறைத்தார்கள். பத்து நிமிடம். அதற்குள் மற்ற நாலு கயாக்குகளும் கிழக்கே தள்ளப்பட்டுக் கலைந்துவிட்டன. இருவரைக் காப்பாற்றும்போது எட்டுப் பேரைப் பார்க்க ஆளில்லை. கடைசியில் அவர் அலைபேசியில் ஊர்க்காரர் ஒருவரை "ஆபி" என்று கூப்பிட்டு (நம் 'அண்ணே'தான்) ஒரு மோட்டார் படகை வரவழைத்தார். ஐந்து கயாக்கையும் கயிற்றில் கோத்து, வாத்துக்குஞ்சு மாதிரி உச்சாஸுக்கு இழுத்துப் போனார்கள்.

தவறு எங்கே என்று அன்று இரவு தம்பியும் நானும் நீண்ட நேரம் பேசினோம். அவன் அந்தச் சுற்றுலாப் படகைத் திட்டினான். நான் அப்படி நினைக்கவில்லை. அலை தினமும் வரும். பத்துப் பேருக்கு ஒரே வழிகாட்டி என்பது காலை அமைதியில் போதும், மதியக் காற்றில் போதாது. பின்னால் வர இன்னொருவர் இருந்திருந்தால் கவிழ்ந்தது ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். அடுத்து, அந்த இழுவைப் படகு. கடைசியில் கூப்பிடத்தான் போகிறோம் என்றால், கலேகோயில் இரண்டு மணி தாண்டியபோதே கூப்பிட்டிருக்கலாம். சாப்பாட்டுத் தாமதம் நிறுவனத்தின் வழக்கம் என்பது வழிகாட்டிக்குத் தெரியும், முகத்திலேயே தெரிந்தது. அதைச் சொல்ல அவருக்கு இடமில்லை போல. ஓடு திருப்பிக் கொடுத்த இருபது நிமிடத்தைத் தாமதத்தில் சேர்த்துச் சிலர் குறை சொன்னார்கள். அது நியாயமான செலவு. மீனுக்குக் காத்திருந்த ஒரு மணி நேரம் அப்படியல்ல.

ஸ்ப்ரே ஸ்கர்ட் கொடுக்கவில்லை என்பதும் ஒரு புகார். இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடும் துணி அது. இருந்திருந்தால் தண்ணீர் குறைவாக ஏறியிருக்கும். ஆனால் பழகாதவர் கவிழ்ந்தால் அதைக் கழற்றத் தெரியாமல் திணறுவார். புதியவர்களுக்கு இல்லாமல் விட்டது சரி என்றே படுகிறது.

இன்னொரு நாள் வாய்த்தால் நான் ஒருநாள் பயணத்தில் சேரமாட்டேன். மேற்கே, ஒரு தீபகற்பத்தின் அந்தப் பக்கம் அப்பெர்லாய் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் பயணங்கள் அங்கே போய்க் கரையில் தங்குகின்றன. அங்கேயும் துறைமுகத்தெரு தண்ணீருக்குள்தான். ஆனால் அந்த ஊர் எதனால் வாழ்ந்தது என்று தெரியும்: ஊதாச் சாயம். முரெக்ஸ் என்ற கடல் நத்தைகளை உடைத்து எடுக்கும் சாயம். 1909-இல் வேதியியலாளர் பால் ஃபிரீட்லாண்டர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்தது 1.4 கிராம். அப்பெர்லாயில் 1990-களில் ஆய்வு செய்த அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் ஹோல்ஃபெல்டரும் ராபர்ட் வானும் குவியல் குவியலாக நத்தை ஓடுகளையும், நத்தைகளை உயிரோடு வைத்திருந்த தொட்டிகளையும் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே சாலை கிடையாது. 1999-இல் திறந்த லிசிய நடைபாதை வழியாக நடந்து வருகிறவர்களும் படகில் வருகிறவர்களும்தான். கூட்டப் படகு இல்லை, மீனுக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

பதிவு செய்யும் முன் நான் இனி கேட்பது கொஞ்சம்தான். எத்தனை மணிக்குத் தண்ணீரில் இறங்குவோம்? கடைசிக் கயாக்குக்குப் பின்னால் யார்? காற்று எழுந்தால் இழுக்கப் படகு இருக்கிறதா, அதற்கு யார் காசு? 'நகரம்' பற்றி எதுவும் கேட்கமாட்டேன்.

அன்று மாலை உச்சாஸ் படகுத்துறையில் துணி காயப்போட்டுக்கொண்டு டீ குடித்தோம். கவிழ்ந்த ஜோடி இப்போது சிரித்துக்கொண்டிருந்தது. காலையில் கேள்வி கேட்ட பெண்மணி துறையின் ஓரத்தில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு படி மேலே, மூன்றாவது பாசி பிடித்துத் தண்ணீருக்குள். வழிகாட்டியைக் கூப்பிட்டு, இது எந்த நூற்றாண்டு என்று கேட்டார். அவரும் குனிந்து பார்த்தார்.

"போன வருஷம். சிமென்ட்."